ஏரிக்கரை மராமத்தும் அதன் எஸ்டிமேட்டும்

ஏரி மராமத்துக்கு இவ்வளவு ரூபாய் மஞ்சூராயிற்று என்ற செய்தி கிராமத்துக்கு எட்டியதும், மொத்தத் தொகையைப் பற்றியே எல்லோரும் பேசுகின்றனர். அத்தொகை எக்கணக்கின்மேல் ஏற்பட்டதென்று விசாரிப்போர் மிகச் சிலரே. கரையின் பலமும் செலவின் யோக்கியதையும் மண்வெட்டி தரையில் விழுமுன்பே, பிளானும் எஸ்டிமேட்டும் தயாராகும் காலத்திலேயே, பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகின்றன. ஆகையால் ஆயக்கட்டுதாரர்களும் கிராம அதிகாரிகளும் இதில் சற்றுத் தேர்ச்சி பெற்றிருத்தல் அவசியம்.

முன்யோசனையின் பலனுக்கு உதாரணம் வெகுதூரம் போய்த் தேட வேண்டியதில்லை. ஆவடிக்கு மேற்கே, கொசஸ்தலையாற்றின் குறுக்கே, சென்னையின் குடிநீருக்கென 1940-ம் வருஷத்தில் தொடங்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் சுமார் 65 லக்ஷம் ரூபாய்ச் செலவில் முடிவுற்றது. அக்காலத்திலேயே அதனருகே நீர்ப்பாசன ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. கட்டப்போகும் அணையையோ கலங்கலையோ முதலில் சிறு உருவமாக அமைத்து, அதில் நீரை ஓடவிட்டு, எங்கே அரிக்கிறது, எங்கே சுழிக்கிறது என்று ஆராய்வது அதன் வேலை. 25-ல் ஒரு பங்கு அளவான மாதிரியில் வினாடிக்கு 1 கன அடி நீர் ஓடினால், அது நிஜக் கட்டடத்தில் 3,125 கன அடி ஓடுவதற்குச் சமானம். மாதிரியில் கண்ட பிழையைத் திருத்தச் சில மூட்டை சிமிட்டி போதும். கட்டி முடித்த அணையிலோ அதே பிழை லக்ஷக்கணக்கில் தின்றுவிடும்.

கிராமத்து ஏரிக்கு மாதிரி செய்து பார்ப்பது சாத்தியமன்று. அதன் ஸ்தானத்தில் இருப்பது லெவல் அளவு. கரையின் உச்சி, அடி, உட்சரிவு, வெளிச்சரிவு இவற்றைக் குறித்த இடைவெளிதோறும் அளந்து, குறுக்குப் படம் வரைந்து, இருக்கும் கரைக்கும் இருக்க வேண்டிய கரைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டால் தேவையான மண் இவ்வளவென்று தெரியும்.

இதில் குடியானவர்கள் சாதாரணமாக ஏமாறுவது உயரத்தைப் பற்றியே. மேல் அகலம் 10 அடி, உயரம் 10 அடி, சரிவு உட்புறம் 1-க்கு 2, வெளிப்புறம் 1-க்கு 1½ உள்ள கரைக்கு அடி அகலம் 45 அடி. 100 அடி நீளத்துக்கு 27,500 கன அடி மண் ஆகும். அதே மேல் அகலமும் சரிவும் வைத்து இன்னும் 2 அடி உயர்த்தினால் 37,200 கன அடி. உயரம் ஐந்தில் ஒரு பங்கே கூடிற்று. மண்ணோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிற்று. சரிவைக் குறைத்து மண்ணை மிச்சம் பிடித்தால் கரை முதல் பெருமழையிலேயே சரியும். கலங்கலின் அகலத்தைப் பாராமல் கரையை மட்டும் உயர்த்துவதும் வீண். 2015-ம் வருஷம் டிசம்பர் ஆரம்பத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு சுமார் 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டதைப் பூந்தமல்லிப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள்.

மண்ணின் விலையை அது வரும் தூரமும் ஏற்றும் உயரமும் நிர்ணயிக்கின்றன. ஆயினும் கரையின் அடியை ஒட்டியே குழி வெட்டுவது தகாது, கரை பலவீனப்படும். மேலும், வெட்டிய மண் உப்புகிறது. குழியில் 100 கன அடியாக இருந்த சாதாரண மண் லாரியில் சுமார் 120 கன அடியாகத் தோன்றும். கரையில் போட்டு நனைத்து உருளையால் இறுக்கினால் மறுபடி அடங்கும். லாரிக் கணக்கைக் கொண்டு பணம் கேட்டால் கவனம் தேவை.

2017-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் மணிமங்கலம் ஏரியில் தொடங்கப்பட்ட குடிமராமத்துத் திட்டத்தில், 1,519 வேலைகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆயக்கட்டுதாரர் 100-க்கு 10 பங்கை ரொக்கமாகவோ, சாமானாகவோ, உழைப்பாகவோ செலுத்த வேண்டுமென்பது நிபந்தனை. தம் பங்கை உழைப்பாகக் கொடுப்பவருக்கு, அது எத்தனை கன அடி என்ற கணக்கு தெரியாவிடில், கொடுத்தது குறைவென்றோ அதிகமென்றோ எப்படி வாதாடுவது? அம்பத்தூர்ப் பக்கத்து ஏரிகளின் ஆயக்கட்டெல்லாம் பெரும்பாலும் வீடுகளாய்விட்டன. அங்கும் கரை உடைந்தால் நீர் வீட்டுக்குள் வரும், பயிருக்குப் பதில் பாத்திரம் மிதக்கும்.

வேலை தொடங்குமுன் எடுத்த லெவல்தான் முக்கிய சாட்சி. பழைய தரை மண்ணுக்குள் மறைந்தபின் எவராலும் அதை மீட்க முடியாது. எனவே கலங்கலின் கல்லிலோ மதகின் சுவரிலோ அசையாத ஓரிடத்தை ஆதாரமாகக் குறித்து, அதிலிருந்தே முன்னும் பின்னும் அளக்கச் செய்யவேண்டும். மண் வெட்டும் குழிகளில் ஆங்காங்கு வெட்டாத திட்டுகளை விட்டு வைத்து, அளவுப் புஸ்தகத்தில் பதிவானபின்பே அவற்றை எடுக்கவேண்டும்.

காலமும் செலவைச் சேர்ந்ததே. அறுவடைக்குப்பின் ஏரி வற்றியதும் மதகு வேலையை முடித்து, அப்பால் கரை மண்ணைச் சிறு படலங்களாகப் போட்டு இறுக்கி, ஐப்பசி மழைக்கு முன் அது அடங்க அவகாசம் விடவேண்டும். புரட்டாசியில் அவசரமாகக் கொட்டிய மண் கார்த்திகையில் ஏரிக்குள்ளேயே திரும்பிவிடும். எஸ்டிமேட்டின் நகலையும் குறுக்குப் படங்களையும் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி எந்தக் குடியும் மனுப் போட்டுப் பெறலாம்; மனுவை வேலை தொடங்குவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னரே கொடுப்பது உசிதம்.