யார் எழுத்து, யார் படம்? – 6: ‘நன்றி: கூகுள்’

போன வாரம் எழுத்து. இந்த வாரம் படம். தகராறு அதிகம் வருவது அதில்தான்.

திருவொற்றியூர்ப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் தங்கள் ஊரைப் பற்றி இணையதளம் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ராயபுரம் ரயில் நிலையம் வரும். பட்டினத்தார் சமாதி வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதே, அந்தப் படமும் கட்டாயம் வரும்: கறுத்துப்போன படகு, பிசுபிசுத்த வலை. கீழே பொடி எழுத்தில் ‘நன்றி: கூகுள்’.

கூகுளா எடுத்தது? அந்த எண்ணெய்ச் சேற்றில் இறங்கி எடுத்தவர் ஒரு புகைப்படக்காரர். அவர் பெயரையே போட்டாலும் பாதிக் கடன்தான் தீரும். நன்றி வேறு, அனுமதி வேறு. மூலையில் இருக்கும் பெயரை வெட்டிவிட்டுப் போடுவது இன்னும் மோசம். தெரிந்தே அப்படிச் செய்தால் 2 ஆண்டு வரை சிறை என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் சொல்கிறது. அதே திருத்தத்தால், படத்தின் உரிமையும் எடுத்தவரின் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுக்கும் நீண்டுவிட்டது.

“பாடத்துக்குத்தானே சார்?” என்பார்கள். பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் நகலெடுக்க 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-இல் தொடுத்த வழக்கில், 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது இதை வைத்துத்தான். ஆனால் அது பாடத்துக்கான நகல். உலகமே பார்க்கும் தளத்துக்கு அந்தத் தீர்ப்பைக் குடையாகப் பிடிப்பது, என் கணக்கில், ஆபத்து.

அதற்காகப் பக்கத்தைக் காலியாக விட வேண்டாம். 1856-இல் ராயபுரம் நிலையம் திறந்தபோது ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ வெளியிட்ட சித்திரங்களுக்கு இன்று யாரும் உரிமை கோர முடியாது. பட்டினத்தார் பாடல்கள் எல்லோருக்கும் பொது; கடையில் வாங்கிய புத்தகத்தின் உரை அப்படியல்ல, உரையாசிரியருக்கு உரியது. எண்ணெய்க் கசிவை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. அதன் உத்தரவுகளைத் தாராளமாக எடுத்துப் போடலாம், தீர்ப்பாயமே தடுத்தால் ஒழிய. கிராமப்புற இந்தியாவைப் பதிவு செய்யும் ‘பாரி’ (PARI) இணையதளத்தின் படங்களுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உண்டு: பெயர் போட வேண்டும், வியாபாரம் கூடாது, மாற்றம் கூடாது.

எல்லாவற்றையும் விட நல்லது சொந்தப் படம். நிலையத்தை வெளியே நின்று செல்போனில் எடுத்தால் போதும். துறைமுகக் கேட்டுக்குள் மட்டும் அனுமதியில்லாமல் கேமராவைத் தூக்காதீர்கள். அது பாதுகாப்பு விவகாரம், பதிப்புரிமை அல்ல.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு மாணவி தானாக எடுத்த படம் அவளுக்குத்தான் சொந்தம், பள்ளிக்கு அல்ல. ஆண்டு மலரிலோ பேனரிலோ போடும்முன் அவளையும் பெற்றோரையும் கேளுங்கள். படத்தின் கீழே அவள் பெயரைப் போடுங்கள்.

(அடுத்த வாரம்: பாட்டும் வீடியோவும்)