இராவணா எல்லவில் உங்களுக்கென்று ஒரு படம்

செங்கலடியில் தொடங்கும் பதுளை வீதி எமது பெண்களுக்குப் புதிதல்ல. போர்க் காலத்தில் கரடியனாறு, புல்லுமலைப் பகுதிகளில் இருந்து பிள்ளைகளையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு இடம்பெயர்ந்தவர்கள் பலர் இதே வீதியால்தான் வந்தார்கள். இன்று மாதர் சங்கங்கள் வான் பிடித்து இதே வீதியால் மலைநாட்டுக்குச் சுற்றுலா போகின்றன. பதுளைக்கு அப்பால் எல்ல நகரைக் கடந்து வெல்லவாய வீதியில் இறங்கினால், வீதியோரத்திலேயே இராவணா எல்ல விழுகிறது. சிங்களத்தில் ‘எல்ல’ என்றாலே நீர்வீழ்ச்சிதான். உயரம் ஏறக்குறைய 25 மீற்றர், நெடுத்து வளர்ந்த தென்னை மரமளவு. வடகீழ்ப் பருவ மழையில் எமது வாவி பெருகும் காலத்தில்தான் அங்கும் நீர் பெருகும், கோடையில் மெலிந்துவிடும்.

வானை நிறுத்தியதும் படம் பிடித்தல் தொடங்கிவிடும். பிள்ளைகளை நிறுத்துவார்கள், மற்றவர்களை நிறுத்துவார்கள். கணவனை இழந்த பெண்ணோ தன் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பார். அருவிக்கரையில் சிரித்து நின்ற படம் ஊருக்குப் போனால் என்ன கதைப்பார்களோ என்ற பயம். இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் குடும்பப் படங்களைப் பறிகொடுத்த வீடுகள் எத்தனை! காணாமல் போனவரின் படத்தைப் பெரிதாக்கிக் கையில் ஏந்தி வருடக்கணக்காக நீதி கேட்கும் தாய்க்கு, தன்னுடையது என்று சொல்ல அடையாள அட்டைப் படம் மட்டும்தான். அவரும் ஒரு படத்துக்கு நிற்கட்டுமே. கதைப்பவர்கள் எதற்கும் கதைப்பார்கள்.

உச்சி வெயிலில் நீர் வெறும் வெள்ளையாகத்தான் விழும். காலையிலோ மப்பு நேரத்திலோ எடுங்கள். திரையில் முகத்தைத் தொட்டுவிட்டு எடுத்தால் முகம் இருளாது. சாரல் பட்ட கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடையுங்கள். முழு அருவியும் வர வேண்டுமென்று பின்னால் பின்னால் போகாதீர்கள், பின்னால் இருப்பது வாகனங்கள் இறங்கிவரும் வளைவு வீதி. 2025 செப்டம்பரில் இதே எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பலர் இறந்தனர். பாசி படிந்த பாறையிலும் ஏற வேண்டாம். மழை கடுமையென்றால் பயணத்தையே தள்ளிவையுங்கள். அது மண்சரிவு நிகழும் மலை.

மற்றவருடைய படத்தை அவரைக் கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். சங்கத்தில் இதைப் புறப்படும் முன்னரே பேசிக்கொள்வது நல்லது. பயந்து ஒதுங்குபவர்களுக்கு அதுவே பாதித் தைரியம். தொலைபேசி உடைந்தால் படமும் போய்விடும். ஆகவே திரும்பி வந்ததும் ஸ்டூடியோவில் ஒரு பிரதி எடுத்து, பின்புறத்தில் திகதியையும் உங்கள் பெயரையும் எழுதி வையுங்கள்.