பழைய டிரெய்லரை வீடாக்கலாமா? மூட வேண்டிய ஓட்டை, திறந்து வைக்க வேண்டிய ஓட்டை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கோம்.)

இன்னைக்கு டிரெய்லர் பத்தின எபிசோட். படத்தோட டிரெய்லர் இல்லை. எங்க விருத்தாசலம் பக்கம் டிரெய்லர்னா, கரும்பு ஏத்திட்டு டிராக்டர் பின்னாடி ஆடி ஆடிப் போறது. கோடம்பாக்கத்துல கேரவன்னா ஷூட்டிங்ல நடிகர்கள் உட்கார்ற ஏ.சி. வண்டி. நான் சொல்றது இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற ஒண்ணு. கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற சின்ன வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, ஒரு சிங்க். அவ்வளவுதான்.

இதுல உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவோட ஏர்ஸ்ட்ரீம். வாலி பயம்ங்கிறவர் 1930-கள்ல ஆரம்பிச்சது. 1936-ல வந்த 'கிளிப்பர்' மாடல்தான் அந்த வெள்ளி முட்டை மாதிரியான அலுமினிய உடம்புக்கு அடையாளம். 50, 60 வருஷப் பழைய டிரெய்லரை வாங்கி, வீட்டு வாசல்ல நிறுத்தி, தானே பிரிச்சு மேய்ஞ்சு புதுசாக்குற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. பார்த்ததும் கை அரிக்கும். ஆனா அந்த வீடியோக்கள்ல பாதி நேரம் பெயின்ட், திரைச்சீலை, ஃபேரி லைட்னு போயிடும். உயிரைக் காப்பாத்துற வேலை 2 நிமிஷத்துல முடிஞ்சிடும். இன்னைக்கு அந்த 2 நிமிஷத்தைத்தான் விரிச்சுப் பேசப் போறோம்.

டிரெய்லர்னா என்ன? ஓட்டை போட்ட பெட்டி

நம்ம துறை ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஒரு பழைய சர்வர் உங்க கைக்கு வருது. முதல்ல என்ன பார்ப்பீங்க? எந்தெந்த போர்ட் திறந்திருக்கு, எதுக்குத் திறந்திருக்குன்னு பார்ப்பீங்க. காரணம் தெரியாம திறந்திருக்குற போர்ட் ஆபத்து. திறந்திருக்க வேண்டியதை மூடினாலும் சர்வீஸ் நின்னுடும்.

பழைய டிரெய்லரும் அதேதான். ஜன்னல், கூரை வென்ட், ஒயர் போற வழி, தண்ணிக் குழாய், ரிவெட் அடிச்ச இடம்னு நூத்துக்கணக்குல ஓட்டை. சிலதை மூடணும். சிலதை மூடவே கூடாது. எது எதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் ரீஸ்டோரேஷன். மத்ததெல்லாம் மேக்கப்.

அதுக்கு முன்னாடி பேப்பர்

இந்தியாவுல இது வெறும் பொழுதுபோக்குத் திட்டம் இல்லை, சட்டமும் இருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 'மோட்டார் வாகனம்'ங்கிறதோட விளக்கத்துலேயே டிரெய்லரும் வருது. எஞ்சின் இல்லைன்னாலும் அது ஒரு வண்டி. அதுக்குத் தனியா பதிவு வேணும்.

பிரிவு 52 இன்னொரு விஷயம் சொல்லுது. ஆர்.சி.-யில இருக்குற விவரம், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாகப் போற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதியா சொல்லிடுச்சு. அதனால, சரக்கு டிரெய்லரை வாங்கி மேலே ஒரு வீடு கட்டிக்கலாம்னு நினைக்கிறவங்க, வெல்டிங் பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்க. கேட்கிறதை எழுத்துல கேளுங்க.

"50 வருஷத்துக்கு மேல பழசுன்னா விண்டேஜ் பதிவு கிடைக்குமே?"ன்னு சிலர் கேட்பாங்க. 2021 ஜூலையில வந்த விதி அது, நம்பர் பிளேட்ல 'வி.ஏ.'ன்னு வரும். ஆனா அது டூ வீலருக்கும் காருக்கும்தான். டிரெய்லர் அந்த வகையில வரலை.

மூட வேண்டிய ஓட்டை: தண்ணி

பழைய டிரெய்லரைக் கொல்றது வயசு இல்லை, ஈரம். கூரை மூலையில ஊசி முனை அளவு வழி இருந்தாலே போதும். தண்ணி உள்சுவருக்குப் பின்னாடி இறங்கி, தரை பிளைவுட்ல போய்த் தங்கும். மரத்துல ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்னா பூஞ்சை பிடிச்சு உளுத்துப் போகும். வெளியே பார்த்தா பளபளன்னு இருக்கும். உள்ளே கட்டைவிரலை வெச்சு அழுத்தினா பிஸ்கட் மாதிரி உதிரும்.

ஏர்ஸ்ட்ரீம்ல வேற கதை. மேலே அலுமினியம், கீழே இரும்புச் சேஸிஸ். ரெண்டு உலோகம், நடுவுல ஈரம். சின்ன பேட்டரி மாதிரி வேலை செஞ்சு அரிப்பு வேகமாகும். கூடவே பின்பக்கத் தரை உளுத்து, உடம்பும் சேஸிஸும் பிரிஞ்சு நிக்கிறது பழைய ஏர்ஸ்ட்ரீம்கள்ல பிரபலமான நோய்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க பஞ்சர் கடை டெக்னிக்கே போதும். எல்லாத்தையும் மூடிட்டு, ஒரு புளோயர் வெச்சு உள்ளே லேசா காத்தை நிரப்புங்க. வெளியே இணைப்புகள் மேல சோப்புத் தண்ணி தெளிங்க. குமிழி வர்ற இடத்துல எல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போடுங்க.

அடுத்தது எதை வெச்சு அடைக்கிறது? இங்கே ஒரு கணக்கு. அலுமினியம் ஒரு டிகிரி சூட்டுக்கு, மீட்டருக்கு 0.023 மில்லிமீட்டர் நீளும். 5 மீட்டர் தகடு, ராத்திரிக்கும் மே மாச வெயிலுக்கும் 40 டிகிரி வித்தியாசம்னு வெச்சுக்கோங்க. தகடு சுமார் 4.6 மில்லிமீட்டர் நீளும். கீழே இருக்குற மரமோ இரும்போ அவ்வளவு நீளாது.

எங்க ஊர்ல பீங்கான் வேலை செய்யுறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். மண் உடம்பும் மேலே பூசுற கிளேஸும் ஒரே அளவுல சுருங்கலைன்னா, பாத்திரம் முழுக்க மயிரிழை விரிசல் ஓடும். டிரெய்லர்லயும் அதேதான். கெட்டியா இறுகிப் போற பட்டியை வெச்சு அடைச்சா முதல் கோடையிலேயே விரியும். அதனால ஜன்னல் ஃபிரேமுக்கு அடியில, காலத்துக்கும் பிசுபிசுன்னு இழுபடுற பியூட்டைல் டேப் போடுறாங்க. கடையில கிடைக்குற சாதாரண சிலிக்கான் வேண்டாம். அது ஒரு தடவை ஒட்டின இடத்துல அப்புறம் பெயின்ட்டும் ஒட்டாது, வேற சீலன்ட்டும் ஒட்டாது.

இன்னொரு பாடமும் சூளையில இருந்துதான். சரியா காயாத பொம்மையைச் சூளையில வெச்சா வெடிக்கும். ஏன்னா தண்ணி ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல இடம் கேட்கும். அதனாலதான் காயுறதுக்குன்னே நாள் கணக்கா விடுறாங்க. டிரெய்லர்ல வெடிக்காது, ஆனா ஈரத்தை உள்ளே வெச்சு மேலே புது பிளைவுட் அடிச்சா அது உளுத்துக்கிட்டே இருக்கும். ஒரு ஈரமானி வாங்குங்க. எண் இறங்குற வரைக்கும் சுவரைத் திறந்தே விடுங்க.

திறந்து வைக்க வேண்டிய ஓட்டை: மூச்சு

சரி, எல்லா ஓட்டையையும் அடைச்சாச்சு. இப்போ டிரெய்லர் முன்னைவிட ஆபத்தான இடம்.

ரெண்டு பேர் ஒரு ராத்திரி தூங்கினா மூச்சுலயும் வேர்வையிலயும் சுமார் அரை லிட்டர் தண்ணி காத்துல சேரும். ஊட்டி குளிர்ல அது சுவர்ல வேர்க்கும். வெளியே இருந்து வர்ற தண்ணியை நிறுத்திட்டு, உள்ளே இருந்தே மழை பெய்ய வெச்ச கதை ஆயிடும்.

அடுத்தது சமையல் கேஸ். எல்.பி.ஜி. காத்தை விடக் கனமானது. கசிஞ்சா கீழே இறங்கி தரையில தேங்கும். அதனாலதான் சிலிண்டர் வைக்கிற பெட்டியில, அடிமட்டத்துல வெளியே போற மாதிரி ஒரு ஓட்டை விடுறாங்க. பழைய டிரெய்லர்ல அதைப் பார்த்துட்டு "எலி வரும்"னு அடைச்சிடாதீங்க. எலி பயம்னா கம்பி வலை போடுங்க.

கொல்லுற ஓட்டை

2024 டிசம்பர்ல கேரளாவோட வடகரை பக்கத்துல, ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. அது இழுத்துட்டுப் போற டிரெய்லர் இல்லை, தானே ஓடுற கேரவன். ஆனா பெட்டி ஒண்ணுதான். ஜெனரேட்டர் புகையில இருந்த கார்பன் மோனாக்சைடு, தரையில இருந்த ஓட்டை வழியா உள்ளே வந்திருக்குன்னு கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அடங்கின குழுவோட ஆய்வுல தெரிஞ்சது.

இந்த வாயுவுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. காத்தோட எடையேதான், அதனால மேலேயும் போகாது, கீழேயும் தங்காது. ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இதை இறுக்கிப் பிடிச்சுக்கும். தூங்கிட்டு இருக்கிறவங்களுக்குத் தப்பிக்கவே வாய்ப்பு இல்லை.

இங்கே காத்தோட திசையைப் புரிஞ்சுக்கணும். 1969-ல நிலாவுல இருந்து திரும்பின அப்பல்லோ 11 வீரர்களை நாசா தனிமைப்படுத்தி வெச்சது, மாத்தி அமைச்ச ஒரு ஏர்ஸ்ட்ரீம்லதான். உள்ளே காத்தழுத்தத்தை வெளியை விடக் கம்மியா வெச்சாங்க. அப்போ எங்கேயாவது கசிவு இருந்தாலும் காத்து உள்ளேதான் வரும், கிருமி வெளியே போகாது.

இதே விதி உங்க டிரெய்லர்ல தலைகீழா ஆபத்து. ஜன்னலை எல்லாம் மூடிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா உள்ளே அழுத்தம் குறையும். வெளியே போன காத்துக்கு ஈடா காத்து எங்கே இருந்து வரும்? தரையில ஒயருக்காகப் போட்டு அடைக்காம விட்ட ஓட்டையில இருந்து. கீழே ஜெனரேட்டர் ஓடினா அந்தப் புகையை நீங்களே உறிஞ்சுறீங்க.

அதனால மூணு விதி. ஜெனரேட்டரோ கரி அடுப்போ எரியும்போது உள்ளே யாரும் தூங்கக் கூடாது. தரை வழியா போற ஒவ்வொரு ஒயரையும் குழாயையும் சுத்தி அடைக்கணும். படுக்கைகிட்ட கார்பன் மோனாக்சைடு அலாரம் வேணும். கேஸ் அலாரம் வேற, இது வேற. கேஸ் அலாரம் தரை ஓரமா, இது நீங்க மூச்சு விடுற உயரத்துல.

நம்ம ஊர் பீங்கானை உள்ளே வைக்கலாமா?

விருத்தாசலத்துக்காரன்கிட்ட கட்டாயம் வர்ற கேள்வி. மனசு வைன்னுதான் சொல்லுது. கணக்கு வேண்டாம்னு சொல்லுது. தரை டைல் சதுர மீட்டருக்குச் சுமார் 20 கிலோ. 6 சதுர மீட்டர் தரைக்கு 120 கிலோ, பசை தனி. அதோட பீங்கான் அழுத்தத்தைப் பிரமாதமா தாங்கும், வளைச்சா தாங்காது. ஓடுற டிரெய்லரோட தரை எப்பவும் வளைஞ்சுக்கிட்டே இருக்கும்.

எடை எங்கே இருக்குங்கிறதும் முக்கியம். 1,000 கிலோ டிரெய்லர்னா 100-லிருந்து 150 கிலோ வரைக்கும் கார் கொக்கி மேல அழுத்தணும்ங்கிறது அமெரிக்க வழக்கம். எடை பின்னாடி போயிட்டா வேகத்துல வால் ஆட ஆரம்பிச்சு, காரையே இழுத்துக் கவுத்திடும். பீங்கான் ஆசைக்கு ரெண்டு கப், ஒரு பொம்மை. போதும்.

வேலை வரிசை

முதல்ல பேப்பர். ரெண்டாவது சேஸிஸ், ஆக்ஸில், ஸ்பிரிங் பட்டை, பிரேக், டயர். டயர்ல பூ எவ்வளவு இருக்குன்னு மட்டும் பார்க்காதீங்க, பக்கவாட்டுல 4 இலக்கம் இருக்கும். 2319-னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. இந்த வேலைக்கு டிராக்டர் டிரெய்லர் பட்டறைக்காரங்களே நல்ல குரு. மூணாவது கூரையும் சுவரும். தகடு, ரிவெட் வேலை கத்துக்க கரூர் பஸ் பாடி பட்டறைகளை விடப் பெரிய காலேஜ் இல்லை. நாலாவது ஒயரும் கேஸும். கடைசியாத்தான் பெயின்ட்.

ஒரு நோட்டுல டிரெய்லரோட படம் வரைஞ்சு, ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு நம்பர் கொடுங்க. பக்கத்துல மூடணுமா, திறக்கணுமா, ஏன்னு எழுதுங்க. காரணம் எழுத முடியாத ஓட்டை ஒண்ணு இருந்தாலும் உள்ளே தூங்காதீங்க.

விருத்தம்னா முதுமை, அசலம்னா மலை. எங்க ஊரோட பேரே பழைய மலைன்னுதான். பழசு மேல எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனா பழசை உண்மையா மதிக்கிறவங்க, அதுக்கு மேக்கப் போடுறதுக்கு முன்னாடி கீழே குனிஞ்சு பார்ப்பாங்க. அடுத்த எபிசோட்ல டிரெய்லருக்கான 12 வோல்ட் ஒயரிங், ஃப்யூஸ் கணக்கு பேசலாம்.