வளர்ப்பு மீனும் இரை மீனும்: மிச்சிக்கன் ஆறுகள் தரும் சான்று

இரைகௌவி பெருகின் இரை குறையும். இரை குறையின் இரைகௌவியும் பட்டினியால் அருகும். அதன்பின் இரை மீண்டும் தழைக்கும். ஏத்திரியாட்டிக் கடல் மீன்களை முன்வைத்து இத்தாலியக் கணிதவியலாளர் வொல்தெரா 1926இல் வகுத்த சமன்பாடுகளின் சாரம் இதுவே. இச்சுழற்சியில் இரைகௌவியின் பெருக்கம் இரையின் அளவிலேயே தங்கியுள்ளது. பொரிப்பகக் குஞ்சுகளை ஆற்றில் விடும்போது அறுபடுவது இத்தொடர்பாகும். தொட்டியில் உணவூட்டப்படும் குஞ்சு ஏரியின் பஞ்சத்தை அறியாது.

ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்தை எடுத்து நோக்குவோம். மிச்சிக்கன், ஹூரோன் ஏரிகளில் மேல்நிலை இரைகௌவியாயிருந்த ஏரி ட்றவுட் மீனை மிகைப்பட்ட மீன்பிடியும், கால்வாய் வழியே புகுந்த லாம்பிறே என்னும் குருதியுறிஞ்சி மீனும் 1950களளவில் ஏறத்தாழ அழித்துவிட்டன. உண்பாரற்ற ஏல்வைப் என்னும் சிறுமீன் பெருகிற்று. 1967இல் அது மிச்சிக்கன் ஏரிக்கரைகளிற் குவியல் குவியலாய்ச் செத்தொதுங்கியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே பசிபிக் கரைக்குரிய கோஹோ சல்மன் குஞ்சுகள் 8 இலட்சத்துக்கு மேல் பிளாற் ஆறு முதலியவற்றில் விடப்பட்டிருந்தன. இவை ஏரிக்கிறங்கி, ஏல்வைப்பைத் தின்று கொழுத்து, முட்டையிடத் தாம் விடப்பட்ட ஆற்றுக்கே திரும்புவன.

ஏல்வைப்பைக் குறைப்பது மட்டும் நோக்கமன்று. தூண்டில் விளையாட்டுக்கு வருவோரின் பணமும் கொள்கையை வகுத்தது, வலைத்தொழிலாளர் பின்தள்ளப்பட்டனர். 1836ஆம் ஆண்டு உடன்படிக்கையிலே தாம் விட்டுக்கொடாத மீன்பிடி உரிமையை ஒஜிப்வே, ஒடாவா மக்கள் 1979இல் நீதிமன்றத்தின் மூலம் நிலைநாட்ட வேண்டியிருந்தது. சமநிலை பேசப்படுமிடத்து, அது எவர் நலனுக்கான சமநிலை என்று நாம் வினவாதிருத்தல் இயலாது.

ஹூரோன் ஏரியிலேயே விளைவு முற்றாக வெளிப்பட்டது. அங்கு விடப்பட்ட சினூக் சல்மன்கள் கிளையாறுகளில் தாமாகவே இனம்பெருக்கத் தொடங்கின. பொரிப்பகக் குஞ்சுகளை எண்ணலாம். ஆற்றுப் பரலிடையே பொரித்தவற்றை எண்ணுவதெங்ஙனம்? கருங்கடற் பிரதேசத்துக்குரிய குவாகா மட்டியோ, கப்பல்களின் நிலைப்பாரநீரோடு வந்து, பிளாந்தனை வடித்துண்டது. மேலிருந்து சல்மனும் கீழிருந்து மட்டியும் நெருக்க, 2003-2004இல் ஏல்வைப் வீழ்ந்தது. சல்மன்கள் மெலிந்து அருகின. எனினும், வொல்தெராவின் சுழற்சி கூறுவதுபோல் ஏல்வைப் மீண்டும் தழைக்கவில்லை; அதன் உணவே பறிபோயிருந்தது.

இன்னொன்றும் நிகழ்ந்தது. ஏல்வைப் சுதேச மீன்களின் குடம்பிகளைத் தின்றுவந்த மீன். அதனை உண்ட ட்றவுட்டின் முட்டைகளில் தயமின் குறைபாட்டையும் ஏற்படுத்தியது. தூண்டிற் படகுக்காரர் தொழிலிழந்த அதே ஆண்டுகளில், ஹூரோனில் ஏரி ட்றவுட் குஞ்சுகள் பரவலாக இயற்கையிற் பிறக்கலாயின.