சக்கரங்களின் மேல் ஒரு கலைக்கூடம்



கூடார வண்டிலிலே தூரத்துக் கோயிலின் திருவிழாவுக்குச் சென்று வந்தவர்களை நம்முட் பலர் அறிவர். ஓடும்வரை அது வெறும் வாகனம். மாடுகளை அவிழ்த்து மரத்தடியிற் கட்டி, பக்கத்திலே அடுப்பு மூட்டியதும் அதுவே வீடாகிவிடும். அத்தகைய வீட்டில் ஓர் ஓவியரோ எழுத்தாளரோ மாதக்கணக்காகக் குடியிருந்து, தம் கலைத்தொழிலையும் அங்கேயே நடத்துவதாயின் எப்படியிருக்கும்? மேனாடுகளிற் சிலர் இதனைச் செய்து பார்த்திருக்கின்றனர். மோட்டார் காரின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லும் ட்ரெயிலர் என்னும் இழுவை வீட்டையே இல்லமாகவும் கலைக்கூடமாகவும் கொண்டு வாழ்வோர் இன்றும் அமெரிக்காவில் உள்ளனர்.

இவ்வாழ்வைச் சிலர் கட்டற்ற சுதந்திரம் என்று போற்றுவர். வேறு சிலர் பொறுப்பற்ற அலைச்சல் என்று இகழ்வர். வண்டி கலைஞனுக்கு உண்மையிலே எதனைக் கொடுக்கிறது, அவனிடமிருந்து எதனை வாங்கிக்கொள்கிறது என்பதை அறிய, மூவருடைய அனுபவத்தை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் றொஜர் பென்ரன் என்னும் ஆங்கிலேயர். 1855ஆம் ஆண்டிலே கிறைமியாப் போரைப் படம்பிடிக்கச் சென்றவர். அவர் வண்டியை நாடியது ஆசையாலன்று. அக்காலப் புகைப்படத் தொழிலே அவரை அதற்குள் தள்ளியது. கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் என்னும் பிசினைப் பூசி, இருட்டில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே இருட்டறைக்குட் கொண்டுசென்று கழுவுதல் வேண்டும். இவையனைத்தும் சில நிமிடங்களுள் முடியாவிட்டால் தகடு பாழாகிவிடும். ஆதலால் இருட்டறையும் புகைப்படக்காரரோடு கூடவே செல்லவேண்டியதாயிற்று.

மது வணிகர் ஒருவருடைய பழைய வண்டியை வாங்கி, அதனை இருட்டறையாகவும் உறங்குமிடமாகவும் பென்ரன் மாற்றியமைத்தார். ஏறத்தாழ 700 கண்ணாடித் தகடுகளோடு பலக்லாவாத் துறைமுகத்தில் இறங்கினார். கோடை வந்ததும் வண்டி உலைக்களமாயிற்று. தகட்டிற் பூசிய பிசின் படமெடுக்குமுன்னரே உலர்ந்தது. முற்பகலிலேயே வேலையை நிறுத்தவேண்டி வந்தது. திறந்த வெளியில் நின்ற அப்பெரிய வண்டி, எதிரியின் பீரங்கிகளுக்கும் நல்ல இலக்காயிற்று. எனினும், சில மாதங்கள் படைமுகாமிலேயே தங்கியிருந்து, 350க்கு மேற்பட்ட படங்களுடன் அவர் நாடு திரும்பினார். போர்க்களத்தைப் பல நாள் ஊன்றிக் காட்டிய முதற் பெரும் படத்தொகுதிகளுள் அதுவும் ஒன்று.

இரண்டாமவர் ஜோர்ஜியா ஓகீப் என்னும் அமெரிக்க ஓவியர். நியூயோர்க் நகரத்தில் வாழ்ந்த இவ்வம்மையார் 1929ஆம் ஆண்டிலே நியூ மெக்சிக்கோவின் வறண்ட நிலத்துக்கு வந்தார். அங்கே ‘மொடல் ஏ’ என்னும் போர்ட் மோட்டார் கார் ஒன்றை வாங்கி ஓட்டப் பழகினார். பின்னர் அந்தக் காரையே சித்திரக்கூடமாக்கினார். ஓட்டுநர் இருக்கையைப் பின்புறம் நோக்கித் திருப்பி, பின்னிருக்கையின்மேல் ஓவியத் துணியை நிறுத்திவிட்டால், உயர்ந்த சன்னல்கள் வழியே வேண்டிய வெளிச்சம் கிடைக்கும். கொளுத்தும் வெயிலுக்கும் காற்றுக்கும் கார் ஓரளவு காப்பு. உள்ளே புழுக்கம் தாங்காமற் சன்னலைத் திறந்தால் தேனீக்கள் புகும் என்பதே தொல்லை.

தாம் கறுப்பிடம் என்று பெயரிட்ட சாம்பல் நிறக் குன்றுகளைத் தேடி, 150 மைல் அளவு தொலைவுக்கு அவர் சென்றார். அக்குன்றுகள் மைல் நீளத்துக்கு நிற்கும் யானைக்கூட்டம் போலிருந்தன என்று அவர் கூறியதுண்டு. அங்கே குடியில்லை, நிழலில்லை, கூடாரமடித்துத் தங்கவேண்டும். 1936ஆம் ஆண்டிலிருந்து 1949ஆம் ஆண்டுவரை அந்த ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் தீட்டினார். வண்டி அவருக்குப் பல இடங்களைக் காட்டியிருக்கலாம். அவரோ ஓரிடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்லவே அதனைப் பயன்படுத்தினார்.

இனி, இழுவை வீட்டினுள்ளே சற்று நுழைந்து பார்ப்போம். அமெரிக்காவில் 1930களிலே இவ்வண்டிகள் பெருகின. பகலில் மேசையாக இருப்பது இரவிற் கட்டிலாகும். குடிநீர் ஒரு தொட்டியளவு. அது தீர்ந்தால் அடுத்த குழாயடி வரை சிக்கனந்தான். பொருள்களை ஏற்றுவதற்கும் ஓர் ஒழுங்குண்டு. பாரம் மிகுந்தவற்றை அச்சின் மேலும் அதற்குச் சற்று முன்னும் வைத்தல் வேண்டும். பின்புறம் பாரம் கூடினால், வேகமாகச் செல்லும்போது வண்டி வாலாட்டத் தொடங்கி, இழுக்கும் காரையும் கவிழ்த்துவிடக்கூடும்.

ஆகவே, எந்தக் கலையை மேற்கொள்வது என்பதிலும் வண்டிக்கு ஒரு சொல் உண்டு. நெய்வண்ண ஓவியம் உலர நாள்கள், சிலவேளை வாரங்கள் செல்லும். ஈர ஓவியத்தை ஒன்றன்மேலொன்றாக அடுக்க இயலாது. குலுங்கும் வண்டியிற் சாத்திவைக்கவும் இயலாது. உறங்கும் அறையிலேயே தேர்ப்பந்தைல நெடி சூழ்ந்து நிற்கும். ஆதலால் வழிப்பயணத்துக்கு நீர்வண்ணமும் சிறிய தாளும் கரிக்கோலும் ஏற்றன. கல்லிற் சிற்பம் செதுக்குபவருக்கோ, இரும்பு அச்சியந்திரம் வைத்திருப்பவருக்கோ இவ்வீடு பெரும்பாலும் பொருந்தாது.

மூன்றாமவர் ஜோன் ஸ்ரைன்பெக் என்னும் நாவலாசிரியர். தாய்நாட்டைப் பற்றி எழுதிக்கொண்டே அதனைத் தாம் அறியாதவராகிவிட்டோமோ என்ற அச்சம், 58ஆம் வயதில் அவரைப் பற்றியது. 1960ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், கட்டிலும் அடுப்பும் மேசையும் கொண்ட சிற்றறை பொருத்திய லொறியொன்றில், சார்லி என்னும் நாயுடன் அவர் புறப்பட்டார். டொன் கியோட்டேயின் குதிரையின் பெயரான றொசினான்ரே என்பதை வண்டிக்குச் சூட்டினார். சில வாரங்களுள் 10,000 மைல் அளவு சுற்றி வந்தார். 1962ஆம் ஆண்டிலே அப்பயண நூல் வெளிவந்தது. நோபல் பரிசும் அவ்வாண்டிலேயே அவருக்குக் கிடைத்தது.

ஆயினும், அவர் பல இரவுகளை வண்டியிலன்றி விடுதிகளிலும் நண்பர் இல்லங்களிலும் கழித்தார் என்று பிற்காலத்தில் ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர். அவருடைய நூலே மற்றோர் உண்மையை மறைக்காமற் சொல்லுகிறது. வேர்ஜீனியாவின் அபிங்டன் என்னும் ஊருக்கு அருகில் தம் பயணம் முடிந்துவிட்டது என்கிறார் அவர். சக்கரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கண்கள் எதனையும் காண மறுத்தன.

அந்நூலின் மிக உருக்கமான பகுதி எங்கே பிறந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். நியூ ஓர்லியன்ஸ் நகரிலே, வெள்ளையர் பள்ளியிற் சேர்க்கப்பட்ட கறுப்பினச் சிறுமி ஒருத்தியை நாள்தோறும் ஒரு கூட்டம் வசைபாடி வந்தது. ஸ்ரைன்பெக் வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, வாடகைக் காரில் அங்கே சென்று, கூட்டத்தினிடையே தாமும் ஒருவராக நின்றார். தெருவில் நின்ற அந்தக் காலைப்பொழுது, ஆயிரமாயிரம் மைல்கள் தராததை அவருக்குத் தந்தது.

மூவருடைய கதையும் ஒன்றையே உணர்த்துகிறது. பென்ரன் முகாமிலே தங்கினார்; ஓகீப் ஒரே குன்றுக்குத் திரும்பினார்; ஸ்ரைன்பெக் நின்றபோது கண்டார், விரைந்தபோது இழந்தார். இடவசதி, தண்ணீர், தனிமை, அயலவர் உறவு என்பவற்றை வண்டி ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறது. அதற்கு ஈடாக, வேண்டிய பொருளின் முன்னே வேண்டிய காலம்வரை தங்கியிருக்கும் வாய்ப்பை அது தருகிறது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தாதவர் விலையைக் கொடுத்தும் பொருளைப் பெறாமலே திரும்புவர். திருவிழாவுக்குப் போன வண்டிலும் மாடுகளை அவிழ்த்த பின்னரன்றோ வீடாயிற்று?