கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு கடைமடை

நெதர்லாந்தின் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர்கள் ஓர் ஏரியின் அடித்தரையில்தான் கால் வைக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் பாதிவரை அங்கே ஹார்லெம்மர்மேர் என்ற பெரிய ஏரி அலையடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு புயலுக்கும் கரையைக் கரைத்துக்கொண்டு ஊர்ப்பக்கம் நகர்ந்து வந்தது. அதைச் சுற்றிக் கால்வாய் வெட்டி, கரை போட்டு, மூன்று நீராவி நிலையங்களை வைத்து 1849 முதல் 1852 வரை இறைத்தே வற்ற வைத்தார்கள். இன்றும் அந்த இடம் கடல் மட்டத்துக்குச் சுமார் 3 மீட்டர் கீழேதான் இருக்கிறது.

ஊரிலிருந்து வந்த அப்பா, அம்மாவை டெல்ஃப்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ரயிலில் கூட்டி வரும்போது இதைச் சொன்னேன். அப்பா நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலோரக் கடைமடைக் கிராமத்து விவசாயி. அவர் ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை. புல்வெளிகளுக்கு நடுவே கோடு போட்டதுபோல் ஓடும் வாய்க்கால்களையே பார்த்துக்கொண்டு வந்தவர், "அப்ப மழைத் தண்ணி எந்தப் பக்கமா வடியும் பாப்பா?" என்றார்.

இந்த நாட்டின் வரலாற்றில் பாதி, அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் கழிந்திருக்கிறது. அவர்களுக்கு என்னவெல்லாம் காட்டுவது என்று நான் போட்டு வைத்திருந்த பட்டியலை அன்றிரவே மாற்றி எழுதினேன்.

ஐரோப்பாவில் இருக்கும் பிள்ளைகளிடம் பெற்றோர் வந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். துலிப் தோட்டம், ஆம்ஸ்டர்டாமில் படகு, மரச்செருப்புக்குள் நின்று ஒரு படம். பிறகு பஸ் ஏறி பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், சுவிஸ் பனிமலை. ஈஃபில் கோபுரத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசையாக இருந்தால் அதை நிறைவேற்றத்தான் வேண்டும். ஆனால் அறுபதைத் தாண்டிய முழங்கால்கள் உருண்டைக்கல் பாவிய தெருக்களில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று யோசிக்காமல் திட்டம் போடுகிறோம். பொதுக் கழிப்பறை இங்கே எளிதில் கண்ணில் படாது, பட்டாலும் காசு கேட்கும். அதற்கு அஞ்சியே தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, ராத்திரி தலைவலியோடு படுக்கும் அம்மாக்கள் எத்தனை பேர்! எங்கே உட்காரலாம், எங்கே கழிப்பறை இருக்கிறது என்பதை முதலில் குறித்துக்கொண்டு, அதைச் சுற்றித்தான் ஒரு நாளைத் திட்டமிட வேண்டும்.

அதைவிட முக்கியமாக நான் நினைப்பது ஒன்று உண்டு. வந்திருப்பவர் வாழ்நாளெல்லாம் எந்த வேலை செய்தாரோ, அந்த வேலை இந்த மண்ணில் எப்படி நடக்கிறது என்று காட்டுங்கள். அங்கே அவர் சுற்றுலாப் பயணியாக நிற்க மாட்டார். விவரம் தெரிந்த மனிதராக நிற்பார், கேள்வி கேட்பார், குறை சொல்வார். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஊரில் அந்த மரியாதை அவருக்கு வேண்டியிருக்கிறது.

எப்போது வருவது என்பதை எங்கள் வீட்டில் வயல்தான் முடிவு செய்தது. ஷெங்கன் விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாள்தான் தங்க முடியும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் எடுத்தாக வேண்டும். சம்பா அறுத்து, உளுந்தும் பயறும் எடுத்த பிறகுதான் அப்பாவால் கிளம்ப முடியும். மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12க்குள் ஊரில் இருந்தாக வேண்டும், தண்ணீர் வருகிறதோ இல்லையோ. நல்லவேளையாக, அந்த இடைவெளியில்தான் இங்கே துலிப் பூக்கிறது.

லிஸ்ஸ ஊரில் உள்ள கியூகன்ஹோஃப் தோட்டத்தில் ஆண்டுதோறும் சுமார் 70 லட்சம் கிழங்குகள் நடுகிறார்கள். அம்மா வரிசை வரிசையாக நின்று பார்த்தார். அப்பாவுக்கோ வெளியே இருந்த வயல்கள்தான் கண்ணில் பட்டன. ஓர் இயந்திரம் நன்றாகப் பூத்து நின்ற பூக்களின் தலையை மட்டும் சீவிக்கொண்டே போனது. "ஏன்யா, பூத்ததை அழிக்கிறான்?" என்று பதறிவிட்டார். இங்கே விற்பனைக்குப் போவது கிழங்கு, பூவை விட்டுவைத்தால் சத்தெல்லாம் விதைக்குப் போய்விடும் என்று விளக்கினேன். "வெங்காயத்துல பூத்தண்டை ஒடிச்சு விடுறாப்புல. சரிதான்" என்றார். அதற்கப்புறம் அந்த இயந்திரத்துக்கு என்ன விலை இருக்கும் என்பதுதான் பேச்சாக இருந்தது.

கிண்டர்டைக்கில் 19 காற்றாலைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை 1740ஐ ஒட்டிக் கட்டியவை, 1997 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இருப்பவை. நம் ஊர்ப் படங்களில் காற்றாலை என்றால் மாவரைப்பதுபோல் காட்டுவார்கள். இவை இறைப்பதற்கென்றே கட்டியவை. தாழ்ந்த வயலின் நீரைச் சக்கரத்தால் அள்ளி மேட்டுக் கால்வாயில் விட, அங்கிருந்து அது ஆற்றுக்குப் போகும். இப்போது அந்த வேலையைத் திருகுக் குழாய் போன்ற பெரிய பம்புகள் செய்கின்றன. அப்பா ஆலைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு பம்பின் முன்னால் போய் நின்றார். இறைக்க இறைக்க இந்தக் கரிமண் காய்ந்து இறங்குகிறது, தரை இறங்கினால் இன்னும் ஆழத்திலிருந்து இறைக்க வேண்டும், நிறுத்தவே முடியாது என்று சொன்னேன். "நம்ம போர்வெல் கதைதான்" என்றார் சட்டென்று. நீரில்லாமல் ஆழம் போகும் ஊரும் நீர் மிகுந்து ஆழம் போகும் ஊரும் எங்கே ஒன்றாகின்றன என்பதை எனக்கு அந்த ஒரு சொல் காட்டியது.

அவரை உண்மையில் அசத்தியவை நீர் வாரியங்கள். நாட்டை 21 நீர் வாரியங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சிலவற்றின் வேர் 13ஆம் நூற்றாண்டுவரை போகிறது. கரை, வாய்க்கால், மதகு, பம்பு, நீர்மட்டம் எல்லாம் இவற்றின் பொறுப்பு. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாங்கள் இதற்கென்று தனியாக வாக்களிக்கிறோம், தனி வரியும் கட்டுகிறோம். இலையுதிர் காலத்தில் அதிகாரிகள் வாய்க்கால்களைப் பார்வையிட வருவார்கள். தன் நிலத்தை ஒட்டிய வாய்க்காலைச் சுத்தம் செய்யாதவரிடம் அபராதமோ, வாரியமே ஆள் வைத்துச் செய்த செலவோ வசூலாகும்.

இதைக் கேட்டதும் அப்பா தன் தாத்தா காலத்துக் குடிமராமத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்க வேண்டும். வராத வீட்டை ஊர் கேள்வி கேட்கும். பிறகு அது பொதுப்பணித் துறையின் வேலையானது, ஊரின் கை விட்டுப் போனது. தூர்வாரும் பணம் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் ஆற்றில் தண்ணீர் வந்துவிடும் ஆண்டுகளை நானே சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். "இங்க வரி கட்டுறவன் ஓட்டும் போடுறான். அங்க நமக்கு மனு போடுற வேலை மட்டும்தான்" என்றார். நீர் மேலாண்மை பற்றி நான் படித்த எத்தனையோ அறிக்கைகளைவிட அந்த வரி தெளிவாக இருந்தது.

தெற்கே ஸேலாந்துக்குக் கூட்டிப் போவதா என்று மட்டும் தயங்கினேன். 1953 ஜனவரி 31 இரவு, வடமேற்குப் புயலும் பெருங்கடலேற்றமும் ஒன்றுசேர்ந்து அங்கே கரைகளை உடைத்தன. நாடு முழுக்க 1,836 பேர் இறந்தார்கள். ஔவர்கெர்க் ஊரில் கடைசி உடைப்பை அடைக்க இறக்கிய பிரம்மாண்டமான கான்கிரீட் பெட்டிகளுக்குள்ளேயே இப்போது அந்த வெள்ளத்துக்கான அருங்காட்சியகம் இயங்குகிறது. 2004 டிசம்பர் சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. அதைப் பார்த்தவர்களை இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டுமா? அவர்களிடமே கேட்டேன். போகலாம் என்று அம்மாதான் முதலில் சொன்னார்.

அங்கே விளக்கம் சொல்லும் பெரியவர் ஒருவர், வெள்ளத்தின்போது சின்னப் பையன், பண்ணை வீட்டுப் பிள்ளை. அப்பா அவரிடம் கேட்கச் சொன்ன முதல் கேள்வி: "உப்பை எப்படி எடுத்தீங்க?" வயலில் ஜிப்சம் கொட்டினார்கள் என்றார் அவர். நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே "ஜிப்சம்" என்ற சொல் அப்பாவுக்குப் பிடிபட்டுவிட்டது. சுனாமிக்குப் பிறகு அவரும் அதைத்தான் போட்டார். கடல்நீரின் சோடியம் களிமண்ணைப் பிடித்துக்கொண்டால் மண் இறுகிவிடும், தண்ணீர் உள்ளே இறங்காது. ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அந்த சோடியத்தை விலக்கிவிடும், அடுத்த மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். நாங்கள் மேல்மண்ணில் படிந்த சேற்றை வழித்தோம், வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடித்தோம், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம் என்று அப்பா சொல்ல, அந்தப் பெரியவர் தங்கள் வயலில் முதலில் எது முளைத்தது, எது முளைக்க மறுத்தது என்று சொல்லிக்கொண்டே போனார். நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்த எனக்கு விவசாயச் சொற்கள் போதவில்லை. அவர்கள் கை ஜாடையாலேயே வரப்பின் உயரத்தைக் காட்டிக்கொண்டார்கள்.

அங்கிருந்து ஓஸ்டர்ஸ்கெல்டத் தடுப்பணைக்குப் போனோம். 9 கிலோமீட்டர் நீளம், 62 இரும்புக் கதவுகள், 1986இல் திறந்தது. முதலில் அந்தக் கழிமுகத்தை முழுதாக அடைத்துவிடத்தான் திட்டமிட்டிருந்தார்கள். அடைத்தால் உப்புநீர் ஓட்டம் நின்று சிப்பிப் பண்ணைகளும் மீனும் அழியும் என்று மீனவர்களும் சூழலியலாளர்களும் எதிர்த்தார்கள். அதனால் செலவு பெருகினாலும் திட்டத்தை மாற்றி, கதவுகள் எப்போதும் திறந்திருக்கும்படியும் புயலுக்கு மட்டும் மூடும்படியும் கட்டினார்கள். "மீன்காரங்க சொன்னதைக் கேட்டா இம்மாம் பெருசைக் கட்டுனாங்க?" என்று அம்மா என்னிடம் இரண்டு முறை கேட்டார். வீட்டுக்கு வந்ததும் ஊருக்குப் போன் போட்டு, அண்டை வீட்டு மீனவக் குடும்பத்திடம் முதலில் சொன்னதும் அதைத்தான்.

அம்மாவுக்கான இடம் ஹேக் நகரத்தின் பெரிய திறந்தவெளிச் சந்தை. அங்கே பாகற்காயும் காராமணிக்காயும் முருங்கைக்காயும் கிடைக்கும். பெட்டிக்குப் பின்னால் நின்ற பெண்ணைத் தமிழ்ப் பெண் என்றே நினைத்து அம்மா பேசத் தொடங்கிவிட்டார். அவர் சூரினாம்காரர். 1873 முதல் கல்கத்தாவிலிருந்து தென் அமெரிக்காவின் டச்சுக் காலனிக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட பீகார், உத்தரப் பிரதேசத்து மக்களின் வழிவந்தவர்கள், 1975இல் சூரினாம் விடுதலை பெற்ற காலத்தில் பெருமளவில் இங்கே வந்து குடியேறினார்கள். நாகப்பட்டினத்தில் பிறந்தவருக்கு இது அந்நியக் கதை அல்ல. ரஜூலா கப்பலேறி மலாயாவுக்குப் போய்த் திரும்பாத தன் பெரிய மாமாவைப் பற்றி அம்மா சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு ஒவ்வொரு வாரமும் அந்தப் பெண்ணின் கடையில்தான் வாங்க வேண்டும் என்றாகிவிட்டது. பாகற்காய் ஒன்று எப்போதும் கூடுதலாக விழும்.

சூரியன்தான் அம்மாவைப் படுத்தியது. ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கிறது. விளக்கு வைக்கும் நேரம் எது? கடைசியில் ஊரில் பொழுது சாயும் நேரத்துக்கே இங்கேயும் ஏற்றினார், பட்டப்பகலில்.

லெய்டனைச் சொல்லாமல் விட முடியாது. நாகையை 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்கள் 1781 வரை அங்கே இருந்தார்கள். நாகையின் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமத்தை ராஜராஜ சோழன் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகள் லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்து, அந்த ஊர்ப் பெயராலேயே அறியப்படுகின்றன. அப்போது அவை நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்கும் பொருட்களாக இல்லை. நாங்கள் பல்கலைக்கழகக் கட்டடங்களைப் பார்த்தபடி கால்வாய் ஓரமாக நடந்தோம். ஆனைமங்கலம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். "நம்ம பக்கத்துப் பட்டா இங்க வந்து கெடக்குதா?" என்று அப்பா நின்றுவிட்டார். நம் மண்ணின் ஆவணம் நம் மண்ணில்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் இரண்டாம் கருத்து இல்லை.

அடுத்து வரப்போவது மாமியார். அத்தை காஞ்சிபுரத்தில் தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவர், சேலைக் கரைக்கு ஜக்கார்டு அட்டை அடிக்கத் தெரிந்தவர். டில்பர்க் நகரில் பழைய கம்பளி ஆலை ஒன்றில் துணி அருங்காட்சியகம் நடக்கிறது. பழைய இயந்திரங்களும் ஓடுகின்றன, கணினி சொல்லும் வடிவத்தை நெய்யும் ஜக்கார்டு தறிகளும் ஓடுகின்றன. திறந்திருக்கும் நாட்களைப் பார்த்து வைத்துவிட்டேன். சாப்பாட்டுக்குக் கட்டுச்சாதம் எடுத்துப் போகிறோம், உட்கார பெஞ்சு இருக்கிறதா என்று மட்டும் கேட்க வேண்டும்.