மூச்சுத் திணறும் முதிய கார்

திருமங்கலத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் நமக்கு நெருங்கிய குடும்பம் ஒன்று உண்டு. அவ்வீட்டுத் தலைவர் தம் உழைப்பில் வாங்கிய அம்பாசிடர் கார், அவர் மறைவுக்குப் பின் முற்றத்துக் கொட்டகையில் நின்றுவிட்டது. இரண்டாண்டு கழித்து அதை ஓட்ட முயன்றபோது கரும்புகை கக்கியது. பெட்ரோல் நாற்றம் வீடெங்கும் பரவியது. நகரின் பட்டறை ஒன்றில், “எஞ்சின் போய்விட்டது, எடைக்குப் போடுங்கள்” என்றனர். பிள்ளைகளும் அதற்கு இசைந்துவிட்டனர். தாய் மட்டும், “ஒரு பெரியவரிடம் காட்டிவிட்டுப் பிறகு விற்கலாமே” என்றார்.

வந்த முதிய மெக்கானிக் எஞ்சினைத் தொடவேயில்லை. கார்புரேட்டரின் அடியில் விரலை வைத்துப் பார்த்தார், ஈரமாயிருந்தது. “தம்பி, எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. மிதவை ஊசி தேய்ந்து பெட்ரோல் வழிகிறது. இதற்கு நேர் கீழே சைலன்சருக்குப் போகும் இரும்புக் குழாய் பழுக்கக் காய்கிறது. நீங்கள் தப்பியதே பெரிது” என்றார். அப்பொழுதுதான் அக்குடும்பத்தார்க்கு உண்மை விளங்கிற்று. விலைபோக இருந்தது ஒரு கார். ஆனால் ஆபத்தில் இருந்ததோ ஒரு குடும்பம்!

நம் வாசகர் இல்லங்கள் சிலவற்றில் இத்தகைய முதிய கார்கள் இன்றும் நிற்கின்றன. ஆகவே அவற்றின் மூச்சுறுப்பாகிய கார்புரேட்டரைப் பற்றி நாம் சிறிது அறிந்து வைத்தல் நலம்.

காற்றும் எரிபொருளும்

பெட்ரோல் தனியே எரிந்து காரை ஓட்டுவதில்லை. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். கொள்ளளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டர் காற்று! இவ்விரண்டையும் அளவறிந்து கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவதே கார்புரேட்டரின் பணி. பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை. குறைந்தால் எஞ்சின் சூடேறித் திணறும்.

அம்பாசிடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் அமைந்தது எஸ்.யூ. என்னும் வகை. ஸ்கின்னர் என்னும் ஆங்கிலேயச் சகோதரர்களின் பெயரால் வழங்குவது. அவர்கள் காலணி வணிகக் குடும்பத்தினர். அவர்கள் உருவாக்கிய முதல் கார்புரேட்டரில் தோலாலான துருத்தி ஒன்று இருந்தது என்பது சுவையான செய்தி. பின்னர் அத்துருத்தியின் இடத்தைப் பிஸ்டன் பிடித்தது. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ, அவ்வளவுக்கு அப்பிஸ்டன் உயரும். அதன் அடியில் பொருத்திய கூம்பிய ஊசி, ஜெட் எனப்படும் துளையிலிருந்து மேலெழும். துளை அகன்று பெட்ரோலும் கூடும். தேவைக்கேற்ப அளந்து தரும் எளிய பொறி இது.

பழுதுகள் மூன்று

முதலாவது, மேலே கண்ட மிதவைப் பழுது. பெட்ரோல் நிறைந்ததும் மிதவை உயர்ந்து, ஒரு சிறு ஊசியால் வழியை அடைக்கும். ஊசி தேய்ந்தாலும், அதில் தூசு சிக்கினாலும், மிதவையே துளைபட்டு மூழ்கினாலும் பெட்ரோல் வழியும். மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் புகுந்திருப்பது ஒலியால் தெரியும்.

இரண்டாவது, பிஸ்டன் சிக்குதல். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டால், ‘டக்’ என்ற ஓசையுடன் அடியில் விழ வேண்டும். ஓசையின்றித் தயங்கினால் உள்ளே அழுக்கு இருக்கலாம். அல்லது ஜெட்டு நடுவில் அமையாமல் ஊசி உரசலாம். பிஸ்டனையும் அதன் மேற்கூட்டையும் பெட்ரோலில் கழுவித் துடைத்தால் போதும். உப்புத்தாள் கொண்டு தேய்த்தல் கூடவே கூடாது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று இணையாகக் கடைந்தவை. ஒரு காரின் பிஸ்டனை மற்றொன்றின் கூட்டில் மாட்டுதலும் தவறு.

மூன்றாவது, ஆக்சிலேட்டரை அழுத்தும்போது திரும்பும் ஸ்பிண்டில் தேய்தல். அந்த இடைவெளியில் காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழையும். அதன்பின் எவ்வளவு திருகினாலும் எஞ்சின் சீராக நின்று ஓடாது. புதிய ஸ்பிண்டிலும், கடைசல் பட்டறையில் செய்த புஷ்ஷுமே இதற்கு மருந்து. இதை அறியாதவர், திருகுகளை மாறிமாறித் திருப்பியே காரைக் கெடுத்துவிடுவர்.

புதுப்பித்த பின் கலவையைச் சரிபார்க்கும் முறையும் எளிதே. எஞ்சின் சூடாகி மெல்ல ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்த வேண்டும். ஓட்டம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் மிகுதி. எஞ்சின் நின்றுபோனால் பெட்ரோல் குறைவு. சற்றே கூடிப் பழைய நிலைக்கு மீண்டால் சரியான அளவு. ஜெட்டின் கீழுள்ள அறுமுக நட்டை ஒரு முகம் வீதம் திருப்பி, ஒவ்வொரு முறையும் சோதித்துக் காண்பதே முறை.

இல்லத்தார் செய்யத்தக்கவை

கார்புரேட்டரின் மேல்மூடியைத் திருகி எடுத்து, உள்ளே மெல்லிய எஞ்சின் ஆயில் இருக்கிறதா என்று மாதமொருமுறை பார்த்தல் எவர்க்கும் இயலும். அந்த ஆயில் வற்றினால், வேகமெடுக்கும்போது கார் விக்கும். மதுரையைச் சூழ்ந்த சமவெளியில், கரிசல் புழுதியும் செங்கல் சூளைத் தூசியும் பறக்கும் சாலைகளில், ஏர் பில்டரை அடிக்கடி துப்புரவு செய்தல் இன்றியமையாதது. ஒரு லிட்டருக்கு ஒன்பதாயிரம் லிட்டர் காற்று என்றோமே, அக்காற்றோடு எவ்வளவு புழுதி உட்புகும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

எச்சரிக்கை ஒன்றும் கூறல் வேண்டும். ஜெட்டை வாயால் ஊதுவதும், பெட்ரோலைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சுவதும் பட்டறைகளில் வழங்கிய கொடிய பழக்கங்கள். சைக்கிள் பம்பு இருக்க வாய் எதற்கு? கம்பி கொண்டு ஜெட்டைக் குத்துதலும் ஆகாது. வேலை நடக்குமிடத்தில் பீடி, விளக்கு, சிறுவர் ஆகிய மூன்றும் அருகில் இருத்தல் கூடாது.

எரிபொருள் மாறும் காலம்

எரிபொருள் மாறுவது மதுரைக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, 1911இல் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனத்தின் தலைவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார் கரிவாயுக் கலன்களைச் செய்து வழங்கினார். மரக்கரியை எரித்துப் பெறும் வாயுவால் அன்று வண்டிகள் ஓடின. காலத்திற்கேற்பக் கைகள் கற்றுக்கொண்டன.

இன்றும் அத்தகைய மாற்றம் ஒன்று வந்துள்ளது. 2022இல் நாட்டின் பெட்ரோலில் பத்து விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு எட்டப்பெற்றது. 2025இல் அது இருபது விழுக்காடாயிற்று. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் ஊறச்செய்து வெடிக்கச் செய்யும், ஈரத்தையும் ஈர்க்கும். நெடுநாள் நிற்கும் காரில் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கி உலோகத்தை அரிக்கும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றுதலும், கலவையில் பெட்ரோலைச் சிறிது கூட்டுதலும், காரை நிறுத்தி வைக்குமுன் மிதவைத் தொட்டியை வடித்தலும் வேண்டும். குழாய் வெடிப்பு ஒன்றே தீக்குப் போதும் என்பதை மறவாதிருப்போம்.

கைகள் மறையுமுன்

அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. புதிய கார்களில் கார்புரேட்டர் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதியால் புதிய இருசக்கர வண்டிகள் பெரும்பாலானவற்றிலிருந்தும் அது விடைபெற்றது. இன்றைய இளம் மெக்கானிக்குகள் கணினியைச் செருகிப் பழுதைக் கண்டறிகின்றனர். அது குறையன்று, அவர்தம் வண்டிகள் அத்தகையவை. ஆனால் காதால் கேட்டு, விரலால் தொட்டு அறியும் கலை முதியவர் சிலரிடமே எஞ்சியுள்ளது.

திருமங்கலத்துக் குடும்பத்தின் கார் விற்கப்படவில்லை. புதிய ஊசி, வாஷர்கள், பெட்ரோல் குழாய் ஆகியவற்றோடு இரண்டே நாளில் வேலை முடிந்தது. கூலியை வாங்கிக்கொண்ட பெரியவர் புறப்படுமுன் இளைய மகனை அழைத்தார். “தம்பி, அடுத்த முறை நான் இருப்பேனோ என்னவோ. பிஸ்டனைத் தூக்கி விடு, ஓசையைக் கேள்” என்றார். பையன் தூக்கி விட்டான். ‘டக்’ என்றது. “இன்னொரு முறை” என்றார் பெரியவர்.